நெற்றியில் எழுதிய நேரம்

என் இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் அவற்றை எடுத்துக்கொண்டது. தகட்டை உள்ளே தள்ளிக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். அன்று நான் மிதிக்கவில்லை. அச்சு தானாக இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. வெட்டி விழுந்த வாஷர்களுக்கு நடுவே என் விரல்கள் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் கத்தினேன். மேஸ்திரி எண்ணெய்த் துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தவாகானா, ஒற்றை டாக்டர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி, அதன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த டாக்டரை அப்போதுதான் முதலில் பார்த்தேன். குட்டையான ஆள், தடித்த கழுத்து, முழங்கைக்கு மேல் சுருட்டிய சட்டை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். படிப்பு முடித்ததும் கடற்படையில் டாக்டராகச் சேர்ந்து, தலை நரைத்து ஓய்வு பெறும்வரை கப்பல்களிலும் கடற்படை ஆஸ்பத்திரிகளிலுமே இருந்தவர். மனைவிக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று புனேயில் வீடு வாங்கினார். குடிவருவதற்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டார். தெருவில் எல்லோரும் அவரைக் கேப்டன் சாப் என்பார்கள்.

மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். அது பிடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கத்துலே. நல்லாக் கத்து. கத்துறவன் சாக மாட்டான்" என்றார்.

எனக்குக் கத்த வெட்கமாக இருந்தது. தைத்து முடித்து, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனாவது படிச்சிருக்க?"

"அஞ்சு சார். தமிழ் ஸ்கூல்ல."

"கடிகாரம் பார்க்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அது போதும். பேசாத ஆளு ஒருத்தன் எனக்கு வேணும். காயம் ஆறினதும் வா."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். அதற்குப் பின் நான் பட்டறைக்குப் போகவில்லை. அவரிடம் காயம் துடைத்துக் கட்டும் டிரஸ்ஸராக இருந்தேன்.

எங்களிடம் காய்ச்சல்காரர்கள் குறைவு. பக்கத்துப் பட்டறைகளிலிருந்து நசுங்கிய கைகள் வரும். ரயிலில் அடிபட்டவர்கள் வருவார்கள். திருவிழாக் காலத்தில் கத்திக்குத்து, பாட்டில் குத்து. ஒருவன் தம்பியே வீசிய ஆசிட்டில் பாதி முகம் போய் வந்தான். நான் தட்டில் சேகரித்த பற்களை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு டப்பா நிறைந்திருக்கும்.

கேப்டன் சாப் இளகிய மனிதர் அல்ல. குடித்துவிட்டு வந்து மேஜையில் துள்ளுகிறவனை அறைவார். ஒரு முறை, அடிபட்ட மகனைத் தூக்கி வந்து பதற்றத்தில் அவர் கையைப் பிடித்திழுத்த ஒரு தகப்பனையும் அறைந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. மகனுக்குத் தைத்து முடித்ததும் அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார், அவ்வளவுதான்.

அவரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. மூன்றும் கப்பலில் வந்தவை. நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் கத்துகிறவனை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவனை முதலில் பார்ப்பார். இரண்டாவது, ரத்தம் நிற்காத கையையோ காலையோ ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தைச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அந்த ஆளின் நெற்றியிலேயே பெரிதாக எழுதுவார். இறுக்கிக் கட்டிய கை சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அந்த நேரம் தெரிய வேண்டும். போரில் அடிபட்ட ஒரு கப்பலில், எண்ணெயில் வெந்த மனிதர்களை வரிசையாகப் படுக்க வைத்து, அவர் ஒருவராகவே நெற்றி நெற்றியாக எழுதிக்கொண்டு போனாராம். "சீட்டு பறந்து போவும்ல. நெத்தி எங்க போவும்?" என்பார்.

மூன்றாவது, பதிவுப் புத்தகம். வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுவார். மேல் வரியில் அவர்கள் சொன்னது. கீழ் வரியில் அவர் கண்ணால் கண்டது.

அந்தப் புத்தகத்தில் என் தங்கச்சியும் இருந்தாள்.

அவளை மூன்று சந்து தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கண்டோன்மெண்டில் லோடர் வேலை. கல்யாணமான ஆறாம் மாதம் முதல்முறை தவாகானாவுக்கு வந்தாள். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்றாள். டாக்டர் அதை மேல் வரியில் எழுதினார். கீழ் வரியில், கழுத்தின் இருபுறமும் நான்கு விரல் தடம் என்று எழுதினார். அடுத்த முறை, அடுப்பு சுட்டது. அதற்கடுத்த முறை, கதவு இடித்தது. ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன்.

"உன் தங்கச்சிதானல? போய்க் கேக்க மாட்டியா?" என்றார் டாக்டர் ஒருநாள்.

போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மச்சான் கதவைத் திறந்து, "அடடே வாங்க மச்சான், டீ குடிங்க" என்றான். உள்ளே என் தங்கச்சி வீங்கிய உதட்டோடு டீ போட்டாள். குடித்துவிட்டு வந்தேன். அந்த டீயைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குழாயடியில், தண்ணீர் பிடிக்கப் பிந்திவிட்டாள் என்று தொடங்கிய சண்டை. பத்தரை மணிக்குப் பித்தளைக் குடத்தால் அவள் தலையில் அடித்திருக்கிறான். பிறகு கட்டிலுக்கடியில் மிரட்டுவதற்காகவே வைத்திருந்த கொய்தாவை எடுத்திருக்கிறான். தேங்காய்க்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த அரிவாள் அது. எப்படியோ அது அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் ஒரே ஒரு முறைதான் வீசினாள்.

அவனைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை முழங்கைக்குச் சற்று மேலே எலும்புவரை பிளந்து, ரத்தம் தாளம் போட்டுப் பீச்சியது. வண்டிக்குப் பின்னால் என் தங்கச்சி நடந்து வந்தாள். முகம் முழுக்க ரத்தம். கொய்தா இன்னும் கையில் இருந்தது. அதை வாங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அத அந்தத் தட்டுல வையி தாயி" என்றார் டாக்டர். பிறர் சொல் கேட்டுப் பழகியவள். வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மச்சான் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். டாக்டர் அவன் மேல்கையில் ரப்பர் குழாயைச் சுற்றி இறுக்கினார். ரத்தம் நின்றது. சிவப்புப் பென்சிலால் அவன் நெற்றியில் 10-40 என்று எழுதினார். என் பக்கம் திரும்பினார்.

"பத்து நாப்பது. சொல்லு."

"பத்து நாப்பது சார்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்த்துத் தைக்கணும். சீக்கிரம் போனா கை பிழைக்கும். இவ சத்தமே இல்லாம இருக்கா, நான் இவளப் பாக்கேன்."

ஆட்டோவில் அவனை நடுவில் வைத்து ஒரு பக்கம் நானும் மறு பக்கம் அவன் அம்மாவும் உட்கார்ந்தோம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று வழியில் ஏறிய முதல் ஆஸ்பத்திரியில் வெட்டுக் கேஸ், போலீஸ் காகிதம் இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். காகிதத்துக்கு ஸ்டேஷன் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றோம். இரண்டாவது ஆஸ்பத்திரியில் சர்ஜன் இல்லை. ஆற்றுப் பாலத்தில் லாரிகள் நின்றுவிட்டன. அங்கேதான் மச்சான் என் சட்டையைப் பிடித்தான்.

"உன் தங்கச்சிய வெட்டி முளா ஆத்துல போடல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கலடா. கையிருக்குற பொட்டப் பயலே, நீ இன்னாடா பாக்குற?"

இடது கையால் என் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. இன்னொரு முறை குத்தினான். நான் அவனுடைய கட்டு அவிழாமல் பிடித்துக்கொண்டேன். அதுதான் என் வேலை. பிறகு அவனுக்குக் கண் செருகியது.

அவன் அம்மா அப்போதுதான் அவன் நெற்றியைச் சரியாகப் பார்த்தாள். கட்கி பஜாரில் வெட்டுக்கு விற்றுப்போன ஆட்டுக்கு நெற்றியில் சிவப்பு மையால் குறி போடுவார்கள். அவள் அலறினாள்.

"ஐயோ, ஆட்டுக்குப் போடுற மாதிரி என் புள்ளைக்குக் குறி போட்டு வச்சிருக்கானே அந்தக் கெழவன்!"

முந்தானையில் எச்சில் தொட்டு அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மெழுகு பிசுபிசுவென்று பரவியது. அதன்மேல் இடுப்பு முடிச்சிலிருந்து மாரியம்மன் கோயில் விபூதியை அள்ளிப் பூசினாள். கடைசியில் ஒரு எழுத்தும் இல்லை. நான் தடுத்திருக்கலாம். "வேணாம் அத்தை" என்று இரண்டு சொல். நேரம்தான் என் தலைக்குள் இருக்கிறதே என்று சும்மா இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் போனபோது சுவர்க் கடிகாரத்தில் இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. இளம் சர்ஜன் ஒருவர் கையைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் வெளுத்துக் குளிர்ந்திருந்தன. இதை எப்போது கட்டினார்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

"சுபே, சே பஜே" என்றாள் அவன் அம்மா. காலை ஆறு மணி. அவளுக்குச் சண்டை தொடங்கிய நேரம்தான் மனதில் இருந்தது.

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு மணி நேரமா?" என்று என் பக்கம் திரும்பினார். "நீ கூட வந்தவன்தானே? உனக்குத் தெரியுமா?"

பத்து நாற்பது. மூன்றேகால் மணி நேரம். எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் தைத்துப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும், ஐந்து வருடம் டிரஸ்ஸராக இருந்தவன் நான். கிழிந்த உதட்டில் ரத்தம் உப்பாக இருந்தது. தரையில் ஒரு பஞ்சுருண்டை கிடந்தது. அதைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். மூன்று மூச்சு விட்டிருப்பேன். பிறகு, இவன் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்திருப்பார். கூச்சக்காரனை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

எட்டு மணி நேரம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, கட்டை அவிழ்த்தால் செத்த கையின் விஷம் உடம்பில் ஏறி ஆளே போய்விடுவான் என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அவள் கைநாட்டு வைத்தாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓர் ஆயா மூடிய வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

டாக்டர் நான்கு மணிக்கு வந்தார். எங்களைத் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் செய்து, தேடி அலைந்து வந்திருந்தார். மச்சானின் நெற்றியில் விபூதியைப் பார்த்தார். தோளோடு முடிந்திருந்த கட்டைப் பார்த்தார். என்னை வெளியே படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"நேரத்தச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறைந்தார். என் காயத்தைத் தைத்த அதே கை. மூன்று படி கீழே போய் விழுந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. இறங்கி வந்து மறுபடி சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"பயமா, வன்மமாலே? எது?"

"தெரியல சார்."

அது உண்மை. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"வெட்டுக்காயம்னா ஒரு கேஸு. கை போச்சுன்னா வேற கேஸு. அவன் கைய எடுக்கல நீ, உன் தங்கச்சி கழுத்துல கல்லக் கட்டிட்ட."

அப்படித்தான் ஆனது. அவள் தலைக்குப் பதினோரு தையல் போட்டு முடித்ததும் போலீஸ் அழைத்துப் போயிருந்தது. கை போன செய்தி வந்ததும் வழக்கு கனத்துவிட்டது. ஜாமீன் கிடைக்கவில்லை. எரவாடா ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்க, இந்தப் பக்கம் நான் நின்று, நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவளிடம் அவ்வளவு பேசியது அதுவே முதல்முறை.

"நான் வெட்டுனது பத்தலன்னு நீயும் வெட்டுனியாண்ணா?" என்றாள். "நான் அடி வாங்கும்போது நீ வாயத் தொறக்கல. தொறந்திருந்தா நான் இங்க நிக்கவே மாட்டேன். இப்பவும் தொறக்கல."

மச்சானுக்கு வாரம் இருமுறை காயம் துடைத்துக் கட்ட வேண்டியிருந்தது. அவன் எங்களிடமே வந்தான். டாக்டர் என்னையே கட்டச் சொன்னார். "மெதுவா மச்சான், மெதுவா" என்பான். அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சீழைத் துடைக்கும்போது அவன் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொள்வான்.

விசாரணை நெருங்கியபோது, தங்கச்சியின் வக்கீலிடம் பதிவுப் புத்தகத்தைக் கொடுக்கப்போவதாக டாக்டர் சொன்னார். அவள் பொய் சொன்ன மேல் வரிகளும் அவர் கண்டு எழுதிய கீழ் வரிகளும் அதில் நான்கு வருடத்துக்கு இருந்தன. அவளைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவு இது: 'கட்டியது 10-40. நேரம் டிரஸ்ஸரிடம் வாயால் சொல்லப்பட்டது.'

அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் கேட்ட ஒரே உதவி அதுதான்.

"சார், அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடலாமா?"

அவர் கோபப்படவில்லை. "கப்பல் புத்தகத்துல தப்பா எழுதினாக்கூட ஒரு கோடுதான் போடலாம். கிழிக்கக் கூடாது. ஒரு பக்கம் போச்சுன்னா மத்தப் பக்கத்த எவன் நம்புவான்? அவ வேணுமா, நீ வேணுமா? சொல்லு."

கோர்ட்டில் டாக்டர் ஒவ்வொரு பதிவாக வாசித்தார். கழுத்தில் விரல் தடம். முதுகில் பெல்ட் கொக்கியின் அச்சு. உடைந்த மணிக்கட்டு. கருப்பையில் ரத்தப்போக்கு, வயிற்றில் செருப்புத் தடம். அந்தத் தட்டையும் நான்தான் பிடித்திருந்தேன். பிறகு எதிர் வக்கீல், அண்ணனும் தங்கையும் கூட்டு என்று காட்ட, அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நேரம் உங்களுக்குத் தெரியுமா என்றார்கள்.

"தெரியும். சொல்லல" என்றேன்.

கூடத்தின் பின்வரிசையிலிருந்து மச்சான் எழுந்து ஓடிவந்தான். ஒற்றைக் கையோடு கூண்டில் ஏறப் பார்த்தான். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்தும் என் கன்னத்தில் நகம் இறங்கிவிட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கை போனதற்கு என் வாயும் ஒரு காரணம் என்று ஆனது. தங்கச்சி உள்ளே இருந்த காலமே போதும் என்று விட்டார்கள். வெளியே வந்தவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கராடிப் பக்கம் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். அங்கே சித்தாள் வேலைக்குப் போய், தனியாக அறை எடுத்துத் தங்கினாள். என்னோடு பேச நாலு வருடம் ஆனது.

டாக்டர் என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். "காலைல எட்டு மணிக்கு வா" என்றார். அடுத்த வாரமே ரயிலில் கால் நசுங்கிய ஒருவன் வந்தான். தொடையில் கட்டினார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். அவன் நெற்றிக்குப் போகாமல் என் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, என் நெற்றியில் எழுதினார்.

"இத எந்த ஆத்தாளும் தொடைக்க மாட்டா. கெளம்பு."

அன்றிலிருந்து அப்படித்தான். நெற்றியில் நேரத்தோடு ஆட்டோவிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்பேன். "அரே, கிழமையும் எழுதக்கூடாதா, காலண்டராவும் ஆகியிருக்கலாம்" என்று வார்டு பையன்கள் சிரிப்பார்கள். என்னைப் போன்ற ஒருவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். குத்துப்பட்டு ஏற்கெனவே செத்துப்போன ஓர் இளைஞனைத் தூக்கிக்கொண்டு ஒரு கும்பல் வந்தது. உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னதும், நீ பார்க்காமல் கொன்றுவிட்டாய் என்று பாய்ந்தார்கள். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. நாற்காலியால் முதுகில் அடித்தார்கள். மருந்து அலமாரியின் கண்ணாடி மேல் தள்ளினார்கள். நான் நடுவே போய் விழுந்தேன். விலா எலும்பு உடைந்தது. அவர்கள் போனபோது டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது முன்கை நீளவாக்கில் திறந்து, ரத்தம் பீச்சிக்கொண்டிருந்தது. அவர் சத்தமே போடவில்லை. அதனால் பயந்துபோனேன்.

ரப்பர் குழாயை எடுத்து நான் கட்டினேன். மூன்று விரல் கையால் இறுக்கினேன். சுவர்க் கடிகாரம் உடைந்திருந்தது, ஆனால் ஓடியது. உடைந்த அலமாரிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் 4-25 என்று என் நெற்றியில் எழுதினேன்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"ஏல மடையா, கண்ணாடியப் பாத்து எழுதி எல்லாத்தையும் திருப்பி எழுதி வச்சிருக்க. எவன் படிப்பான்?"

அதே பெரிய ஆஸ்பத்திரி. அதே படிக்கட்டு. உள்ளே போனதும் நர்ஸ், டாக்டர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் என்று எதிரே வந்த எல்லோரிடமும், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டே போனேன். சார் பச்சீஸ். நாலு இருபத்தைந்து. சார் பச்சீஸ். விலா எலும்பு ஒவ்வொரு முறையும் குத்தியது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சர்ஜன் வந்து, "கேட்டுவிட்டேன், கத்தாதே" என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

கை பிழைத்தது. அந்தக் கையால் அவர் இன்னும் மூன்று வருடம் தைத்தார்.